விக்கலை உடனே நிறுத்த வீட்டு வைத்தியம் உண்டா?

சாப்பிடும்போது அடிக்கடி விக்கல் வருகிறது, தண்ணீர் குடித்தும் நிற்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடுகிற ஆளாகத்தான் இருப்பீர்கள். அரை மணி நேர உணவு இடைவேளையோ, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தட்டெடுக்கிற வழக்கமோ, ஏதோ ஒன்று. தவறாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தேக்கரண்டி சர்க்கரையை வாயில் போட்டு, கரைவதற்குள் தண்ணீர் இல்லாமல் விழுங்குங்கள். நறநறவென்று தொண்டையை உரசிக்கொண்டு இறங்க வேண்டும். அந்த உரசல்தான் மருந்து. பொடித்த சர்க்கரையில் அது கிடைக்காது. 1971இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், 20 பேருக்கு இப்படிக் கொடுத்து 19 பேருக்கு விக்கல் நின்றதாக எழுதியிருக்கிறார்கள். இருபது பேரெல்லாம் ஒரு கணக்கா என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். நான் மருத்துவர் இல்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் வீட்டில் பலித்ததைச் சொல்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். அவர்கள் மூச்சை இழுத்து முடிந்தவரை அடக்கிப் பார்க்கலாம்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கேள்விக்கு இன்னொருவர், “சற்றும் எதிர்பாராத நேரத்தில் திருட்டுப் பழி போடுங்கள், அதிர்ச்சியில் விக்கல் பறந்துவிடும், எங்கள் பாட்டியின் கைகண்ட வைத்தியம்” என்று எழுதியிருக்கிறார். நூறு பேருக்கு மேல் அதை விரும்பியும் இருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

1988 தை மாதம். எனக்குத் திருமணமாகிப் பதினோராவது நாள். கோவில்பட்டியில் பதினான்கு பேர் கொண்ட வீடு. ஆண்கள், பிள்ளைகள், பெரியவர்கள் என்று மூன்று சுற்று முடிந்த பிறகுதான் மருமகளுக்குத் தட்டு வரும். அன்று சட்டியின் அடியில் வற்றிப்போன வெங்காயக் குழம்பும் ஆறிய சோறும்தான் மிச்சம். ஊறப்போட்ட அரிசி ஆட்டுரல் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தது. அடுப்படிச் சுவரோரம் உட்கார்ந்து, மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். நான்காவது வாயில் விக்கல் பிடித்துக்கொண்டது.

இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. புதுப்பெண் விக்குவதைப் பார்க்க ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். “யாரோ நினைக்கிறார்கள், உன் அம்மாவாகத்தான் இருக்கும்” என்றார் என் மாமியார். அந்த வீட்டில் அன்றுவரை எனக்குக் கிடைத்த இதமான சொல் அது ஒன்றுதான்; கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் உள் அறையிலிருந்து என் மூத்த நாத்தனார் வந்தார். நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்:

“என் பீரோவில் இருந்த இரண்டு பவுன் வளையலை எடுத்தாயா?”

விக்கல் நின்றுவிட்டது.

“பார்த்தாயா, நின்றுவிட்டது!” என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பிசைந்த சோறு விரல்களில் காய்ந்துபோயிருந்தது. அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, என் பெட்டியை ஓசைப்படாமல் திறந்து, அடுக்கியிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தேன். நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்தேன்.

விளையாட்டுக்குத்தானே கேட்டார் என்பீர்கள். இருக்கலாம். விளையாட்டுக்குக் கேட்கிறவர் பொதுவாக ‘நகையைக் காணோமே’ என்பார். பவுன் கணக்கோடு, வைத்த இடத்தோடு கேட்பாரா? அடுத்த வாரமே அந்தப் பீரோவுக்குப் புதுப் பூட்டு வந்தது. பழைய பூட்டு பழுதாகியிருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் கைக்குழந்தை விக்கியபோது இதே நாத்தனார் என்ன செய்தார் தெரியுமா? முந்தானையில் ஒரு நூலைப் பிய்த்து, நாவில் நனைத்து, பிள்ளையின் உச்சியில் ஒட்டிவைத்தார். “ஒன்றுமில்லடி தங்கம், நின்றுவிடும்” என்று தட்டிக்கொடுத்தார். நூலால் விக்கல் நிற்குமா என்பது வேறு விஷயம். அந்த வீட்டில் யாருக்கு நூல், யாருக்கு வளையல் என்பதுதான் என் கேள்வி. இத்தனை வருடமாக இதையா சுமக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: ஆமாம்.

அதிர்ச்சி வைத்தியம் பலிக்காது என்று நான் சொல்லவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் நம் சொல் கேட்காமல் சட்டென்று சுருங்குகிறது. உள்ளே பாயும் மூச்சைக் குரல்வளை பட்டென்று மூடிக்கொண்டு தடுக்கிறது. அந்தச் சத்தம்தான் விக்கல். அவசரமாகச் சாப்பிட்டால் காற்றும் சேர்ந்து உள்ளே போய் வயிறு உப்பி, உதரவிதானத்தைச் சீண்டும். திடுக்கிட்டால் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, அதில் அந்தத் தாளம் அறுந்துபோகலாம். ஆனால் மூச்சை நிறுத்த நாமே அடக்கினால் போதுமே, திருட்டுப் பட்டம் எதற்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் நேர்மையில்லாதவள் ஆகிவிடுவேன். 2016இல் என் கணவருக்கு இடுப்புவலிக்கு முதுகில் ஊசி போட்டார்கள். அன்று இரவு தொடங்கிய விக்கல் மூன்று நாள் நிற்கவில்லை. என் சர்க்கரை தோற்றது. திப்பிலிப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தோம், மயிலிறகைச் சுட்ட சாம்பல் கொடுத்தோம், தம்பி முறையுள்ள ஒருவர் வந்து நாக்கைப் பிடித்துக்கூட இழுத்துப் பார்த்தார். தூக்கத்திலும் கட்டில் அதிர்ந்தது. முதலில் பார்த்த மருத்துவர் வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்தவர்தான் “சமீபத்தில் என்ன ஊசி போட்டீர்கள்?” என்று கேட்டார். ஸ்டீராய்டு. சிலருக்கு அது விக்கலைக் கிளப்பிவிடுமாம்.

குளோர்புரோமசின் எழுதிக் கொடுத்தார். மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை அது, தீராத விக்கலுக்கும் கொடுப்பார்கள். மருந்துக் கடைப் பையன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “யாருக்கும்மா?” என்றான். விக்கலுக்கு என்றேன். நம்பவில்லை. எழுதியிருந்தது ஆறு மாத்திரை. அட்டையைக் கிழித்துத் தர மாட்டேன், பத்தும் வாங்கினால்தான் ஆயிற்று என்றான். மிச்சம் நான்கும் காலாவதியாகும்வரை என் அலமாரியில் கிடந்தன. இந்த அட்டைக் கொள்ளையை யாரும் கேட்பதே இல்லை. சீட்டில் ஆறு என்று எழுதியிருந்தால் ஆறு கொடுப்பதில் என்ன குறைந்துவிடும்?

மறுநாள் மதியம் விக்கல் நின்றது. ஆகவே 48 மணி நேரத்தைத் தாண்டினால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம், சில நேரம் மாரடைப்புகூட விக்கலாகத் தலைகாட்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவர் 1922இல் பன்றியை எடை போடும்போது விக்கத் தொடங்கி, 1990இல்தான் நிறுத்தினார். 68 வருடம். நடுவில் இரண்டு திருமணம், எட்டுப் பிள்ளைகள்.

போன வருடம் ஒரு காதுகுத்து விழாப் பந்தியில், என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அதே நாத்தனாருக்கு விக்கல் வந்தது. இப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது, சர்க்கரை நோயும் இருக்கிறது. சமையல்கட்டுக்குப் போய்க் கரண்டியில் சர்க்கரை எடுத்து வந்தேன். கொடுப்பதற்கு முன்னால் வாய் சும்மா இருக்கவில்லை.

“மதினி, அந்த வளையல் கிடைத்துவிட்டதா?”

“எந்த வளையல்?” என்று கேட்டு முடிப்பதற்குள் மறுபடியும் விக்கினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே நினைவில்லை.

அரைக் கரண்டி கொடுத்தேன். நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் கொடு என்று கை நீட்டினார், கொடுக்கவில்லை.