17,500 டாலரா, முழுக் கடனா? அட்லாண்டா கணக்கு டீச்சரின் கேள்வி

கேள்வி: அட்லாண்டா பக்கம் ஓர் அரசு ஹைஸ்கூலில் அல்ஜீப்ரா எடுக்கிறேன். 2022 ஆகஸ்டில் சேர்ந்தேன். இந்த மே மாதத்தோடு நான்கு கல்வியாண்டு முடிகிறது. கிரீன் கார்டு வந்த பிறகு இங்கே மாஸ்டர்ஸ் படிக்க 46,000 டாலர் ஃபெடரல் டைரக்ட் லோன் (அமெரிக்க மத்திய அரசே நேரடியாகத் தரும் கல்விக் கடன்) வாங்கினேன். வட்டி 6%. பத்து வருடத் தவணையாக மாதம் 510 டாலர் கட்டுகிறேன், இன்னும் 36,000 பாக்கி. எனக்குச் சம்பளம் 65,000, கணவருக்கு 1,30,000. ஒரு மகள். ஐந்து வருடம் முடித்தால் 17,500 தள்ளுபடி கிடைக்கும் என்கிறார் பிரின்சிபால். "அதைத் தொடாதே, பத்து வருடம் இருந்தால் முழுக் கடனும் போய்விடும்" என்கிறார் உடன் வேலை பார்க்கும் டீச்சர். யார் சொல்வதைக் கேட்பது? ஊரில் எம்.எஸ்ஸி.க்கு வாங்கிய பேங்க் கடனையும் இதில் சேர்க்க முடியுமா?

பதில்: ஊர்க் கடனை இதில் சேர்க்க முடியாது. இந்தத் திட்டங்கள் அமெரிக்க ஃபெடரல் கடனுக்கு மட்டும்தான். இங்கேயே தனியார் பேங்கில் வாங்கியிருந்தாலும் இதே பதில்தான்.

மற்றபடி, உங்கள் வீட்டு வரவு செலவுக்குப் பிரின்சிபால் சொல்வதே சரி. தோழி சொல்வதும் பொய்யில்லை. ஒற்றைச் சம்பளத்தில் லட்சம் டாலர் கடனோடு இருப்பவர் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பிரின்சிபால் சொல்வது டீச்சர் லோன் ஃபர்கிவ்னஸ், அதாவது ஆசிரியர்களுக்கான கடன் தள்ளுபடி. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இடைவெளி இல்லாமல் ஐந்து முழுக் கல்வியாண்டு வேலை பார்க்க வேண்டும். 1998-ல் எல்லோருக்கும் 5,000 டாலர் என்று வந்தது. கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்விக்கு ஆள் கிடைக்காமல் பள்ளிகள் திண்டாடியதால், 2004-ல் அவர்களுக்கு மட்டும் 17,500 ஆக்கினார்கள். இங்கிலீஷ் டீச்சருக்கு இன்றைக்கும் அதே 5,000தான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான்.

தோழி சொல்வது பி.எஸ்.எல்.எஃப்., அதாவது பொதுச் சேவையில் இருப்பவர்களுக்கான கடன் தள்ளுபடி (பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னஸ்). 2007-ல் வந்தது. அரசு வேலையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சம் தள்ளுபடி. ஒரே ஐந்து வருடத்தை இரண்டுக்கும் காட்ட முடியாது, ஒன்றைத்தான் எடுக்கலாம்.

இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பத்து வருடத்தில் அடையும் தவணையைப் பத்து வருடம் கட்டினால், கடைசியில் தள்ளுபடி செய்யக் கடன் எங்கே இருக்கும்? உங்களுக்குக் கொஞ்சம் மிஞ்சும், அதுவும் கோவிட் புண்ணியத்தில். 2023 செப்டம்பர் வரை தவணை நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததே, அதில் நீங்கள் வேலையில் இருந்த 14 மாதமும் கட்டியதாகவே கணக்கு. அதன் பிறகு இந்த மே வரை கட்டிய 32 மாதத்தையும் சேர்த்தால், 120-ல் 46 முடிந்தது. ஆக, இன்னும் 74 மாதம் 510 வீதம் சுமார் 37,700 கட்டினால், 2032-ல் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளுபடி ஆகும். "முழுக் கடன்" என்றது இவ்வளவுதான்.

வருமானத்தைப் பொறுத்த தவணைக்கு மாறினால் குறையாதா என்று கேட்பீர்கள். நீங்கள் கணவரோடு சேர்த்து வரி ஃபைல் செய்தால் குறையாது; இரண்டு சம்பளத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். தனித்தனியாக ஃபைல் செய்தால் உங்கள் சம்பளம் மட்டும் கணக்கில் வரும், தவணை சுமார் 280 டாலருக்கு இறங்கும். சம்பளம் ஏற ஏற அதுவும் ஏறும், சராசரி 300 என்று வையுங்கள்: 74 மாதத்துக்கு 22,000 சொச்சம். அப்புறம் தனி ஃபைலிங்கின் வரி நஷ்டம். மகளை டேகேரில் விடுகிறீர்கள் என்றால் அந்த வரிச் சலுகையும் போய், வருடம் ஆயிரம் டாலர் அளவுக்குக் கையைக் கடிக்கலாம். மொத்தம் 28,000 பக்கம் வருகிறது.

இப்போது பிரின்சிபால் வழி. 2027 மே வரை வழக்கம்போலக் கட்டுங்கள். பாக்கி 32,000 அளவில் நிற்கும். அதில் 17,500 கழிந்தால் 15,000க்கும் கீழே. அதே 510 கட்டினால் இரண்டரை வருடத்துக்குச் சற்று மேல். இன்றிலிருந்து மொத்தமாக உங்கள் கையை விட்டுப் போவது சுமார் 22,000. 2030 தொடக்கத்துக்குள் கடன் தீர்ந்தது. அதோடு அடுத்த மே மாதத்துக்குப் பிறகு வேலையை விட்டாலும், தனியார் பள்ளிக்குப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பது என் கட்சி. தள்ளுபடித் தொகைக்கு ஃபெடரல் வரியும் கிடையாது.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது: கல்வித் துறையின் குறைந்த வருமானப் பள்ளிப் பட்டியலில் 2022-23க்கு உங்கள் பள்ளி இருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள். முதல் வருடம் இருந்து பின்னால் விடுபட்டிருந்தாலும், அதே பள்ளியில் தொடர்ந்த வருடங்கள் செல்லும். முதல் வருடமே இல்லையென்றால் நான் மேலே சொன்னதெல்லாம் வேறு மாதிரி போகும். அப்போது தனி ஃபைலிங்கைத்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

படிவத்தில் பள்ளித் தலைமை நிர்வாகியின் கையெழுத்து வேண்டும். ஐந்தாம் வருடம் முழுதாக முடிந்த பிறகே வாங்குங்கள், முந்திக்கொண்டு அனுப்பினால் திரும்பி வரும். கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தால், புதுப் பள்ளியும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆஃபருக்குச் சரி சொல்லுங்கள். இந்த ஒரு வருடம் விட்டுப்போனால் முதலிலிருந்து ஐந்து.