விளையாட்டின் கதைக்கடலில் மகரத்துக்கும் கடற்கன்னிக்கும் இடம் உண்டா?

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து, இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்னும் எங்கள் ஊரில் ஒரு மாயப் புனைவு வீடியோ கேமை உருவாக்கி வருகிறோம். கதை நடக்கும் நாடு கற்பனையானது. ஆனால் அதன் கரையையும் தீவுகளையும் எங்கள் ஊரைப் பார்த்தே வரைந்திருக்கிறோம். கடற்கன்னி, புராணத்து நீர்விலங்கான மகரம், மேலைநாட்டுக் கதைகளில் வரும் இராட்சதக் கடல்விலங்கான கிராக்கன் ஆகியவற்றைச் சேர்க்கலாமா? மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் கதையில் இவை ஒட்டாது என்கிறார் ஒருவர். மாய உலகம் என்றான பிறகு இவை இல்லாமல் எப்படி என்கிறார் இன்னொருவர். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அந்த உயிர் கடலில் இருப்பதால் கரையில் வாழ்கிறவர்கள் எதைச் செய்கிறார்கள், எதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்பதை உங்களால் எழுத முடிகிறதா என்று முதலில் பாருங்கள். எழுத முடிந்தால் அது உங்கள் கதையுலகுக்குச் சொந்தம். முடியவில்லை என்றால், எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் அது ஒட்டவைத்த படமாகவே நிற்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பிலேயே இருக்கிறது. குளியாட்கள் மூழ்கும்போது சுறா நெருங்காதபடி மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாகப் போனதையும், அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே செல்லும் என்பதையும், இரவில் யாரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்கக் கூடாது என்பதற்காக மாலையில் அதை அவிழ்த்துவிடுவார்கள் என்பதையும் பதிந்திருக்கிறார். இதில் ஒரு மாயமும், அதற்கு விலையும், கால வரம்பும், மீறுகிறவனுக்குத் தண்டனையும் ஏற்கெனவே இருக்கின்றன. விளையாட்டு வடிவமைப்பாளர் மாதக்கணக்கில் யோசித்துக் கட்டவேண்டிய விதிமுறையைக் குளியாட்களின் அச்சமே கட்டித் தந்திருக்கிறது. இத்தனைக்கும் இங்கே கடலுக்குள் இருப்பது உண்மையான சுறாதான்.

மீனவர் வாழ்க்கையோடு இவை ஒட்டாது என்னும் நண்பருக்கும் இதுவே பதில். தொழில் ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம் என்று கடலோரத்தில் பிரிந்து கிடந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அன்று அவர்கள் கடலுக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எனவே உங்கள் கதையில் வரும் உயிருக்கும் கடலுக்குப் போகாத ஒரு நாளையாவது கொடுங்கள்.

அடுத்து, உங்கள் வரைபடத்தைக் கவனியுங்கள். வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் உங்கள் ஊரில் சொல்வதை நீங்களே கேட்டு வளர்ந்திருப்பீர்கள். பெண்கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அலை அடங்கியது; ஆண்கடலோ தீவுகளைத் தாண்டித் தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. கிராக்கன் நார்வேக் கடலோடிகளின் கதைகளில் பிறந்தது. குளிர்ந்த, ஆழமான கடலின் இருட்டு அதற்கு வேண்டும். அதைப் பெண்கடலில் விட்டால் உடல் மறைய இடம் இருக்காது, ஆட்டக்காரரும் நம்பமாட்டார். ஆண்கடலில் அதற்கு ஆழம் கிடைக்கும், ஆனால் வேர் கிடைக்காது. கிராக்கனை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அந்த இடத்தில் அங்காரதாரையை வையுங்கள். இலங்கைக்குத் தாவும் அனுமனைக் கடலின் நடுவே மறித்த இந்த அரக்கியை வால்மீகி சிம்மிகை என்கிறார். அங்காரதாரை என்பது கம்பர் தரும் பெயர். ஒருவரின் நிழலைப் பற்றி இழுப்பதே அவளுடைய வலிமை. ஆழம் குறைந்த கடலில் படகின் நிழல் அடிமணலில் விழுந்து கூடவே ஓடுவதைத் தெளிந்த நாளில் பார்த்தவர்களுக்கு இதன் பொருத்தம் உடனே புரியும். உச்சிப்பொழுதில் நிழல் சுருங்குவதால் படகு பாதுகாப்பாகப் போகும், மாலையில் நிழல் நீள நீள ஆபத்து கூடும், அமாவாசை இரவில் விளக்கை அணைத்துவிட்டால் அவளால் தொட முடியாது என்று விதிகளை வகுத்துக்கொண்டே போகலாம். நிழலைக் கணிக்கும் வேலையை இன்றைய கேம் எஞ்சின்களே செய்துவிடும்.

கடற்கன்னியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சேது கட்டும்போது கற்களைத் திருடிச் சென்ற இராவணன் மகளாகிய பொன்மீன் கன்னி, சுவன்னமச்சா என்ற பெயரில் தாய்லாந்தின் இராமாயணமான ராமகியென்னில் வருகிறாள். வால்மீகியிலும் கம்பரிலும் அவள் இல்லை. கதை நடக்கும் கடல் உங்களுடையது, கதை மட்டும் கடல் கடந்து போய்ப் பிறந்தது. அவளை அப்படியே எடுத்தாளாமல், அடுக்கிய கல் மறுநாள் காணாமல் போகிறது என்ற கருவை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் பாத்திரத்தை நீங்களே உருவாக்குங்கள். இடுப்புக்கு மேல் பெண், கீழே மீன் என்ற உருவம் கட்டாயம் இல்லை.

இதற்குப் பக்கத்திலேயே ஆவுளியா இருக்கிறது. கடற்பசு என்னும் இந்தப் பாலூட்டி கடற்புல்லை மேய்ந்து, மூச்சுவிட மேலே வந்து, துடுப்புகளுக்கு அடியில் இருக்கும் மடியில் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. இதன் இனவரிசைக்கு அறிவியலார் வைத்த சைரீனியா என்ற பெயரே, கிரேக்கக் கதைகளில் கடலோடிகளைப் பாடி மயக்கிய சைரன்களிலிருந்து வந்தது. கடற்கன்னியைக் கண்டதாக 1493இல் கொலம்பஸ் எழுதியதும் இதே வரிசையைச் சேர்ந்த மனாட்டியைப் பார்த்துத்தான் என்று கருதப்படுகிறது. உங்கள் கதையில் ஒரு கிழவர் கடற்கன்னியைக் கண்டதாகச் சொல்லட்டும், அவர் பேத்தி அது ஆவுளியா என்று சொல்லட்டும். எது சரி என்பதை முன்னுரையில் எழுதிவிடாதீர்கள்.

மகரத்தை நீரில் நீந்தவிட நான் தயங்குவேன். அது வருணனின் ஊர்தி. நம் கண்ணுக்குப் பழகிய இடம் கோயில் தோரணம். மூழ்கிய நகரத்தின் வாயிலைக் காக்கும் உயிராக அதை வைத்தால் பொருந்தும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆவுளியாவைக் கொன்றால் புள்ளி கிடைக்கும்படி எந்தக் கட்டத்தையும் அமைத்துவிடாதீர்கள். பாக் நீரிணையில் அதற்காகவே 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்திருக்கிறது. உங்கள் விளையாட்டை விளையாடப்போகும் பிள்ளைகளில் சிலர், வலையில் சிக்கிய ஆவுளியாவைக் கடலிலேயே விட்டுவிடும் வீடுகளிலிருந்து வருவார்கள். வலையை அறுத்து அதை விடுவிக்கும் ஆட்டக்காரருக்கு அன்றைய மீன்பாடு போகட்டும். அதற்கு ஈடாக, நிழல் பிடிப்பவள் ஒரு மாலைக்கு அந்தப் படகைத் தொடாமல் விடுவதாக எழுதிப் பாருங்கள்.