அப்பாவின் ஒற்றை வரிப் பதில்கள் குறித்து

வணக்கம். பேரப்பிள்ளைகளுக்காகத் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதித் தரச் சொல்லி நீங்கள் கொடுத்த கேள்விகளுக்கு உங்கள் அப்பா "நன்றாக இருந்தது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவதாக வருந்தியிருக்கிறீர்கள். அவருடைய நினைவாற்றலைச் சந்தேகிக்கும் முன் கேள்விகளைச் சந்தேகிக்கலாம் என்பது என் கருத்து. "உங்கள் இளமைப் பருவம் எப்படி இருந்தது?" என்பது நினைவைக் கேட்கவில்லை, மதிப்பீட்டைக் கேட்கிறது, அவரும் அதையே தருகிறார். மாறாக, "சிறுவயதில் வீட்டில் எங்கே படுத்துறங்குவீர்கள், பக்கத்தில் யார் படுத்திருப்பார்கள், விளக்கை அணைப்பது யார்?" என்று கேட்டுப் பாருங்கள், படுத்த இடம் மனக்கண்ணில் வந்துவிட்டால், சன்னலில் வந்த காற்று, போர்வைக்காகத் தம்பியுடன் போட்ட சண்டை எல்லாம் தாமாகவே வந்து சேரும்.

மூன்று வயதுக்கு முந்தையவற்றை எதிர்பார்க்காதீர்கள்; அவை அநேகமாக யாருக்குமே நினைவிருப்பதில்லை. முதியவர்களுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்வுகளே மிகுதியாக நினைவில் நிற்பதாக உளவியல் ஆய்வுகள் காட்டுவதால், முதல் வேலை, முதல் சம்பளத்தை யார் கையில் கொடுத்தார் என்பன போன்றவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. இழப்புகளைப் பற்றி அவராகப் பேசினாலொழிய நீங்கள் கேட்க வேண்டாம்.

எழுதச் சலித்துக்கொள்ளும் பலர் பேசச் சலிப்பதில்லை என்பதால், அவருடைய சம்மதத்தோடு கைப்பேசியில் பதிவுசெய்து, பிறகு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுகள் முன்பின்னாக வந்தாலும் இடைமறித்துத் திருத்தாதீர்கள்.