கேள்வி-பதில்: காசு கொடுத்த கேம் கையில் நிற்குமா?

கே: பம்பலப்பிட்டிக் கடையொன்றில் 3,500 ரூபாவுக்கு ஸ்டீம் (கணினி கேம்களை விற்கும் இணையக் கடை) கேம் வாங்கினேன். யூசர் நேமும் பாஸ்வேர்டும் துண்டில் எழுதித் தந்தார்கள். ஆறு வாரத்தில் பாஸ்வேர்ட் மாறிவிட்டது. கடைக்காரர் கைவிரிக்கிறார். (மாணவர், வெள்ளவத்தை)

ப: உங்கள் மேல் பிழையில்லை, தம்பி. ஸ்டீம் கணக்கை விற்கக் கூடாது என்பது ஸ்டீமின் விதி. அது விற்றவர் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பில், அந்தத் துண்டு, வட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். காசைத் திருப்பிக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கே: சேலில் வாங்கிய கேம் என் லப்டொப்பில் திக்கித் திக்கி ஓடுகிறது. ஐந்து மணித்தியாலம் விளையாடிப் பார்த்தேன். ஸ்டீம் காசைத் தர மறுக்கிறது. (தெஹிவளை)

ப: வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணித்தியாலத்துக்குக் குறைவு என்றால்தான் திருப்பித் தருவார்கள். என்ன கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்பது விற்கும் பக்கத்திலேயே இருக்கிறது. இதே கடிதம் எத்தனை தரம் வருகிறது! வாசித்துவிட்டு வாங்குங்கள்.

கே: எபிக் என்ற இணையக் கடை வாராவாரம் கேம்களை இலவசமாகத் தரும்போது ஏன் காசு கொடுக்க வேண்டும்? (கொட்டாஞ்சேனை)

ப: தருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: நான் 90களில் விளையாடிய கேம்களை மகனுக்குக் காட்ட ஆசை. இத்தனை கடைகள் போட்டி போடுகின்றன, எங்கே வாங்குவது? (மட்டக்குளி)

ப: முதலில் ஜீஓஜி என்ற இணையக் கடையில் தேடுங்கள். 2018இல் எபிக் வந்தபோது, விற்பனைப் பணத்தில் ஸ்டீம் வழக்கமாக எடுக்கும் 30 வீதத்துக்குப் பதில் தனக்கு 12 வீதம் போதும் என்றது. கேம் செய்பவருக்கு அது நல்லதுதான். ஆனால் கேம் நிறுவனம் தன் சர்வரை மூடினால் வாங்கிய நமக்கு என்ன மிஞ்சும்? 2024 மார்ச் 31இல் யூபிசொஃப்ட் சர்வரை நிறுத்தியதோடு, அதன் தி க்ரூ என்ற கார் ரேஸ் கேம் காசு கொடுத்தவர்களுக்கும் ஓடாமல் போனது. என்னிடமும் பெட்டியோடு வாங்கிய ஒரு கார் ரேஸ் கேம் இருக்கிறது. டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கீயைச் சரிபார்க்கும் சர்வர் போய்விட்டதால் முதல் திரையைத் தாண்டாது. போகும்போது ஒரு பட்ச் (திருத்தக் கோப்பு) போட்டுவிட்டுப் போயிருக்கலாம்! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 வீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது.

பழைய கேம்களுக்கென்றே 2008இல் தொடங்கிய ஜீஓஜி, சர்வரைக் கேட்காமலே போடக்கூடிய இன்ஸ்டாலரையே கையில் தருகிறது. டொஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) காலத்து கேம் என்றால், அதைப் புதிய கணினியில் ஓடவைக்கும் டொஸ்பொக்ஸ் மென்பொருளும் பெரும்பாலும் கூடவே வரும். 2024 நவம்பரில் 100 கேம்களை எடுத்து, புதிய கணினிகளிலும் ஓடவைப்பது தன் பொறுப்பு என்று அறிவித்தது. கடைகள் இதில் போட்டி போடட்டும்.

கே: ஜீஓஜி இன்ஸ்டாலர் 40 ஜிபி. டேட்டா போதாது, இறக்கத்தான் வேண்டுமா? (கிருலப்பனை)

ப: கட்டாயம். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதில் இறக்குங்கள். ஒரு எக்ஸ்இ (.exe) கோப்போடு பல பின் (.bin) கோப்புகளும் வரும், ஒன்று குறைந்தாலும் வேலை செய்யாது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். அப்புறம் வைஃபையை நிறுத்திவிட்டு ஒருமுறை இன்ஸ்டால் செய்து பாருங்கள்.