டுரியான் தோட்டத்துக்குப் பழைய ஹைலக்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவரின் கேள்வி: "அண்ணே, மாமா வைத்திருந்த 90களின் தொடக்கத்து டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர்வீல் என் கைக்கு வந்திருக்கிறது. டீசல், முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங். பாலேக் பூலாவில் எங்கள் டுரியான் தோட்டத்துக்கு ஏற இறங்க வேண்டும். வருடத்தில் ஓரிரு தடவை நண்பர்களோடு குவா மூசாங் பக்கம் காட்டுக்கும் போக ஆசை. கையில் 15 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. 4 அங்குலம் தூக்கி, 33 அங்குல டயர், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் மோட்டார்), ஸ்நோர்கல் (எஞ்சினுக்கு மேலிருந்து காற்றெடுக்கும் குழாய்) போடலாமா?"

தம்பி, வண்டி நல்ல வண்டி. முன்னால் ஒரே தண்டு ஆக்ஸல் உள்ள ஹைலக்ஸை வைத்திருப்பவர்கள் லேசில் விற்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் சொன்ன நாலில் ஒன்றுகூட முதல் செலவு இல்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம். இந்த வயது வண்டிக்குச் சுவர் என்பது சேஸிஸ், அதாவது அடிச்சட்டம்.

ஒரு சுத்தியலும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். பின் ஆக்ஸலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் ஹேங்கர் வெல்டிங், கேபின் ரப்பர் உட்காரும் இடம் மூன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு தின்ற இடம் மொத்தென்று சொல்லும், சில நேரம் சுத்தியலே உள்ளே போகும். பெட்டி வடிவச் சேஸிஸுக்குள் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும் என்பதால் வெளிப் பெயின்டை நம்பாதீர்கள். அடுத்து ஸ்டீரிங் பாக்ஸ். ஒருவரை உட்காரவைத்து, வண்டி நின்றபடியே ஸ்டீரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். பாக்ஸ் சேஸிஸோடு சேர்ந்து அசைந்தாலோ, போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை போலத் துருக்கோடு ஓடினாலோ அங்கே விரிசல் இருக்கிறது. பெரிய டயர் போட்டுப் பாறையில் திருப்பினால் முதலில் பிய்வது அந்த இடம்தான். தகடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். மேலோட்டமாக ஒட்டவைக்கும் கடைக்குப் போக வேண்டாம்.

எஞ்சினில் இரண்டு விஷயம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று மாமாவுக்கு நினைவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். பொதுவாக 1,00,000 கிலோமீட்டர் கணக்கு. அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். பெல்ட் செலவு எஞ்சின் ஹெட் செலவாகிவிடும். மற்றது சூடு. லோ கியரில் மேடு ஏறும்போது எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும், ஆனால் வண்டி ஊர்வதால் எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே கழுவுங்கள், தேவையென்றால் கோர் மாற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். காற்றாடியாகச் சுற்றினால் ஃபேன் கிளச் போய்விட்டது.

முன் சக்கரங்களின் உள்பக்கம், சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிள் உருண்டையைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். திரும்ப எண்ணெய் வழிந்தால் ஆக்ஸல் சீல் தேய்ந்து, டிஃப் (ஆக்ஸல் நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் கியர்) எண்ணெய் நக்கிள் கிரீஸோடு கலக்கிறது. பியரிங், சீல் எல்லாம் ஒரே தடவையில் மாற்றிவிடலாம்; பாகங்கள் எளிதாகக் கிடைக்கும். ஹாஃப்கட் கடையின் பழைய சீல் மட்டும் வேண்டாம், புதிது வாங்குங்கள்.

இப்போது உயரம். உங்கள் வேலைக்கு 2 அங்குலம் போதும். காலிவண்டியில் 4 அங்குல ஸ்பிரிங் குதிக்கும், கூடை கூடையாகப் பழம் ஏற்றினால் வளைவில் சாயும். எவ்வளவு தூக்கினாலும் ஸ்பிரிங்கை ஆக்ஸலோடு கட்டும் யூ-போல்ட் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இழுபட்டதைத் திரும்பப் பூட்டக் கூடாது; சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். பல போர்மேன்கள் மறந்துவிடும் சாமான் ஒன்று உண்டு. பின் ஆக்ஸலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் பிரேக் வால்வு ஒன்றைத் தள்ளும். சுமை ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியைத் தூக்கிவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், சுமையே இல்லை என்று வால்வு நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். டுரியான் ஏற்றிக்கொண்டு பாலேக் பூலாவ் இறக்கத்தில் அது விளையாட்டல்ல. பிரேக் ஹோஸும் இழுபடாமல் நீளமாக வேண்டும்.

டயர் விஷயத்தில் கணக்கு பேசட்டும். பழைய 205ஆர்16 டயரின் விட்டம் சுமார் 743 மில்லிமீட்டர். 33 அங்குலம் என்றால் 838. அதாவது 13 விழுக்காடு பெரிது: மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 90இல் போகிறீர்கள், டிஃப் கியர் விகிதம் 4.1 இருந்தால் 3.6 போல் சோம்பிவிடும். டர்போ இல்லாத டீசல் மேட்டில் மூச்சு வாங்கும். டிஃப் கியரை 4.88 ஆக்கினால் சரியாகும், ஆனால் முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும். பட்ஜெட் அங்கேயே கரைந்துவிடும். 31 அங்குல எம்டி (சகதி டயர்) போடுங்கள். செம்மண் சகதியில் காற்றை 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்கினால் தடம் அகலும். தாருக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ளச் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வேண்டும்.

தோட்டத்துச் சிமென்ட் பாதை காய்ந்திருக்கும்போது முன் ஹப்பைப் பூட்டி ஃபோர்வீலில் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திருப்பாதீர்கள், ஆக்ஸல் முறுக்கிக்கொள்ளும். மழையில், இலை விழுந்து வழுக்கும் இறக்கத்தில் பூட்டி, லோ முதல் கியரில் விட்டுவிடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லோவில் 2.28 மடங்கு தருகிறது, எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

வின்ச் கடைசி. சுமையோடு வண்டி 2.6 டன் என்றால் ஒன்றரை மடங்காக 3.9 டன் இழுக்க வேண்டும். 9,500 பவுண்டு வின்ச் 4.3 டன் இழுக்கும், அதுவும் டிரம்மில் கயிறு முதல் சுற்றில் இருக்கும்போது மட்டும். முழு இழுவைக்கு 400 ஆம்பியர் போலக் கேட்கும். உங்கள் பழைய பேட்டரி படுத்துவிடும். அதற்கு முன் சேஸிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கிகள், ஷேக்கிள் (இணைப்பு வளையம்), இழுவைப் பட்டை, மரத்துக்குச் சுற்றும் அகலப் பட்டை வாங்குங்கள். டிரெய்லர் பந்தில் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. அது பிய்ந்து பறந்தால் ஆளைக் கொல்லும்.

ஸ்நோர்கலுக்குப் பதிலாக டிஃப், கியர்பாக்ஸ் மூச்சுக்குழாய்களுக்கு ஹோஸ் மாட்டி எஞ்சின் அறைக்கு ஏற்றுங்கள். சூடான டிஃப் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். காட்டிலிருந்து வந்ததும் எண்ணெய் தே தாரேக் (பால் டீ) நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

உயரம், டயர், பம்பர் எதிலும் கை வைக்குமுன் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி கேளுங்கள். எஞ்சின் மாற்றினால் வாகனப் பரிசோதனையும் கிரானில் (வண்டிப் பதிவுச் சான்று) திருத்தமும் உண்டு. இன்ஷூரன்ஸுக்கும் எழுதிக் கொடுங்கள். குவா மூசாங் இருக்கும் கிளந்தானில் காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். கூட்டத்தில் ஒருவர் எடுத்திருப்பார் என்று இருந்துவிடாமல், பட்டியலில் உங்கள் பெயரும் வண்டி எண்ணும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.