அண்டார்க்டிகா எப்போதுமே பனிக்கண்டமாகவா இருந்தது?

இல்லை. ஒரு காலத்தில் அங்கே காடுகள் இருந்தன. பனிவிரிப்பு, அதாவது நிலத்தை மூடிக் கிடக்கும் மிகத் தடித்த பனிக்கட்டி, பெரிதாக வளர்ந்தது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். காற்றில் கரியமில வாயு குறைந்தது, கடலும் குளிர்ந்தது. கோடையில் உருகுவதைவிட, விழும் பனி அதிகமானது. வரவைவிடச் செலவு குறைந்தால் சேமிப்பு ஏறுமே, அப்படித்தான்.

இதற்கான சாட்சி கடலடிச் சேற்றில் கிடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகள் அவை. ஆக்சிஜன் அணுக்களில் எடை குறைந்தவையும் உண்டு, சற்றுக் கனமானவையும் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன் கொண்ட நீரே எளிதில் மேலே போகும். அது பனியாக நிலத்தில் தங்கிவிட்டால், கடலில் கனமான ஆக்சிஜனின் பங்கு கூடும். நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் அது கூடும். அந்தக் காலத்து ஓடுகளில் இந்த ஏற்றம் தெளிவாகத் தெரிகிறது.

கடுமையான குளிர்காலம்தான் பனிவிரிப்பை வளர்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முக்கியமாக வேண்டியது, விழுந்த பனியை உருக்க முடியாத குளிர்ந்த கோடை.