பூவுக்கு முன் இலையைப் பாருங்கள்

கேள்வி: பிரான்சில் வசிக்கும் என் மகள், பிப்ரவரி மாதத்தில் தன் வீட்டைச் சுற்றிப் பூத்திருந்த வெள்ளைப் பூக்களை நான்கு படங்களாக எடுத்து அனுப்பினாள். நான்கையுமே அங்கே ‘பெர்ஸ் நேஜ்’ என்கிறார்களாம். எனக்கு அவை ஒன்றுபோல் தெரியவில்லை. எல்லாம் ஒரே பூதானா? கிழங்கைக் கொண்டுவந்தால் நம் ஊரில் வளருமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ‘பனியைத் துளைப்பது’ என்பது அந்தப் பிரெஞ்சுப் பெயரின் பொருள், ஆங்கிலத்தில் இதுவே ஸ்னோடிராப். 1753-இல் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்குச் சூட்டிய கலாந்தஸ் என்ற பெயர், ‘பால் மலர்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இயற்கையாக வளரும் இனங்கள் சுமார் 20 உள்ளன. தோட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்துப் பெயரிட்ட வகைகளோ ஆயிரத்தைத் தாண்டும்.

உங்கள் நான்காவது படத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். அதில் ஆறு இதழ்களும் ஒரே நீளத்தில் இருக்கின்றன; ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சைப் பொட்டு தெரிகிறது. அது லூக்கோஜம் என்ற வேறு பேரினம்; பிரெஞ்சுக்காரர்களே அதற்கு நிவெயோல் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையான ஸ்னோடிராப்பில் வெளியிதழ்கள் மூன்றும் கரண்டிபோல் நீண்டு தொங்கும். உள்ளிதழ்கள் மூன்றும் குட்டையாக, பெரும்பாலும் நுனியில் சிறு பிளவும் பச்சைக் குறியும் கொண்டு, அவற்றுக்குள் ஒடுங்கியிருக்கும்.

மற்ற மூன்றையும் பிரித்தறிய, பூவை விட்டுவிட்டு இலையிடம் போக வேண்டும். பூவைப் பார்த்தே பெயர் சொல்லிப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் செடியில் பூவின் குறி ஏமாற்றும், இலை அவ்வளவாக ஏமாற்றாது. இலைகள் இரண்டும் மண்ணிலிருந்து வெளிவரும் இடத்தில், அடிப்பகுதியை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள். கைகூப்பியதுபோல் இரண்டு இலைகளும் தட்டையாக ஒன்றோடொன்று ஒட்டி நின்று, குறுகலாகவும் சாம்பல் பூத்த பச்சையாகவும் இருந்தால், அது ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் கலாந்தஸ் நிவாலிஸ். வாழைக் குருத்து சுருண்டிருப்பதுபோல் ஓர் இலை மற்றொன்றைச் சுற்றி அணைத்திருந்தால், அது எல்வெசி என்ற இனமாகவோ வொரோனோவி என்ற இனமாகவோ இருக்கலாம். இலை அகன்று சாம்பல் படிந்திருந்தால் எல்வெசி, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் பசும்பச்சையாக இருந்தால் வொரோனோவி. இலையின் இரு ஓரங்களும், புடவையின் ஓரத்தை மடித்துத் தைத்ததுபோல், பின்புறமாக மடிந்திருந்தால் அது பிளிகாட்டஸ்.

இதன் பிறகு பூவுக்கு வரலாம். நிவாலிஸின் உள்ளிதழ் நுனியில், கவிழ்த்து வைத்த ‘ப’ போன்ற ஒரே ஒரு பச்சைக் குறி இருக்கும். எல்வெசியில் பெரும்பாலும் நுனியில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு குறிகள் இருக்கும்; சிலவற்றில் இரண்டும் கலந்து ஒரே பெரிய குறியாகிவிடும். ஒற்றைக் குறி மட்டுமே கொண்ட எல்வெசியும் உண்டு என்பதால்தான், பூவை மட்டும் பார்ப்பவர்கள் அதை நிவாலிஸ் என்று எண்ணிவிடுகிறார்கள். உங்கள் முதல் படம் நிவாலிஸ் என்றும், அகன்ற இலையும் இரட்டைக் குறியும் கொண்ட இரண்டாவது எல்வெசி என்றும், இலை பளபளக்கும் மூன்றாவது வொரோனோவி என்றும் கருதுகிறேன். இலையடியைப் பார்த்தால் உறுதி செய்துகொள்ளலாம். தோட்டங்களில் இவை தமக்குள் கலந்துவிடுவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட இலையுடன் ஒரு செடி இருந்தாலும் வியப்பில்லை. ‘எஸ். ஆர்னாட்’ போன்ற தோட்ட வகைப் பெயர்களைப் படத்தை வைத்து நான் சூட்டமாட்டேன். கிழங்கைக் கொடுத்தவரின் பெயர்ச்சீட்டுதான் அதற்குச் சான்று.

வளருமா என்ற கேள்விக்கு, வளராது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் இந்தக் கிழங்கு ஒழுங்காகப் பூக்கும். புதுச்சேரியிலோ மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. காடுகளிலிருந்து பெருமளவில் தோண்டப்பட்டதால், கலாந்தஸ் இனங்கள் அனைத்தும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அனுமதியில்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி குற்றமாகிவிடும். கிழங்கு நச்சுத்தன்மை உள்ளது என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள். 1950களில் சோவியத் வேதியியலாளர்கள் வொரோனோவியிலிருந்து பிரித்தெடுத்த கேலன்டமின் இன்று அல்சைமர் நோய்க்கு மருந்தாகிறது என்றாலும், கிழங்கை அப்படியே உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் வரும்.

கேள்வி: எங்கள் தொட்டியில் மழை பெய்த சில நாள்களில் வெள்ளைப் பூக்கள் பூக்கின்றன. நர்சரியில் ‘ஸ்னோடிராப்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உண்மையா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் பூ வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது, ஸ்னோடிராப் எப்போதும் தலைகுனிந்து தொங்கும். உங்களுடையது மழை லில்லி எனப்படும் செஃபிராந்தஸ் கேண்டிடா. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இதுவும் அதே அமரில்லிடேசி குடும்பம்தான் என்பதால், கடைக்காரர் சொன்னதில் தூரத்து உறவு மட்டும் இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் கிழங்குகளைப் பிரித்து வேறு தொட்டியில் நடுங்கள். பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும் அவையும் நச்சுதான், ஆகவே சமையலறைப் பக்கம் வைக்க வேண்டாம்.